கணக்கீட்டு மாறியில் எண் தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடியில் பலகாரக் கடையோ, கண்டாங்கிச் சேலை விற்பனையோ, ஆத்தங்குடிக் கல் பட்டறையோ, கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துவதோ, எதுவானாலும் ஆர்டர் விவரம் இன்று ஒரு ஷீட்டில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. சராசரி ஆர்டர் மதிப்பு, தள்ளுபடி விழுக்காடு, ஒருவர் கடைசியாக வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பவை அந்த ஷீட்டில் நேரடியாக இருக்காது. இருக்கிற நெடுவரிசைகளிலிருந்து ஃபார்முலா போட்டு உண்டாக்க வேண்டும். அப்படி உண்டாக்குவதுதான் கணக்கீட்டு மாறி. ஃபார்முலா பிழைச் செய்தி காட்டினால் பயமில்லை, உட்கார்ந்து திருத்திவிடலாம். எந்தச் செய்தியும் காட்டாமல் தவறான எண்ணைக் காட்டினால்தான் ஆபத்து. அதை நம்பி தீபாவளிச் சரக்கு போட்டுவிடுவோம்.

எக்செல் பிவோட் (வரிகளைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), லுக்கர் ஸ்டூடியோ, பவர் பிஐ (இரண்டும் தரவை அறிக்கையாகக் காட்டுபவை), எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) ஆகியவற்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். ஃபங்ஷன் பெயர்கள் ஒலிப்புப்படி தமிழில் இருக்கின்றன. மென்பொருளில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை.

எதைத் தொடும் முன்பும்: ஒரு வரி எதைக் குறிக்கிறது?

செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளைகளின் முறையில் நாள்வழி வேறு, பேரேடு வேறு, ஐந்தொகை வேறு. நாள்வழியில் அன்றன்று நடந்த ஒவ்வொன்றும் ஒரு வரி. பேரேட்டில் ஆளாளுக்குத் தனிப் பக்கம். ஐந்தொகையில் மொத்தம். கணக்கீட்டு மாறிக்கும் இதே மூன்று மட்டங்கள் உண்டு: பொருள் வரி, ஆர்டர் அல்லது ஆள், மொத்தம். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றுதான். ஒரு மட்டத்தில் செய்ய வேண்டிய கணக்கு வேறொரு மட்டத்தில் நடந்திருக்கும். ஃபார்முலா சரியாகவே இருக்கும்.

இந்த மாதிரி ஆர்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எண் 412, மூன்று வரிகள்:

தேன்குழல், 2 கிலோ, கிலோ 400 ரூபாய், கூரியர் 120
சீப்புச் சீடை, 1 கிலோ, 420 ரூபாய், கூரியர் 120
மனகோலம், 1 கிலோ, 380 ரூபாய், கூரியர் 120

சரியான சரக்கு மதிப்பு 1,600 ரூபாய். கூரியர் 120 ரூபாய், ஒரே ஒரு முறை.

அறிகுறி: பிவோட்டில் விற்பனைத் தொகை மலை போல ஏறி நிற்கிறது

எக்செல் பிவோட்டில் கால்குலேட்டட் ஃபீல்ட் சேர்த்து ‘விலை × அளவு’ என்று கொடுத்தால், ஆர்டர் 412-க்கு 1,600 வராது, 4,800 வரும். பிவோட்டின் கால்குலேட்டட் ஃபீல்ட் எப்போதும் முதலில் கூட்டும், பிறகுதான் ஃபார்முலாவைப் போடும். விலைகளின் கூட்டு 1,200, அளவுகளின் கூட்டு 4, பெருக்கினால் 4,800. கீழே மொத்த வரிக்குப் போகப் போக எண் இன்னும் வீங்கும். ஃபீல்டின் காட்சியைச் சராசரி என்று மாற்றினாலும் உள்ளே நடப்பது மாறாது.

பெருக்கல் என்றால் அது வரி மட்டத்துக் கணக்கு. மூல ஷீட்டிலேயே ‘வரித் தொகை’ என்று ஒரு நெடுவரிசை போட்டு, அங்கே விலையையும் அளவையும் பெருக்கி, பிவோட்டில் அதைக் கூட்டுங்கள். மூலத்தை கன்ட்ரோல்-டி (Ctrl+T) கொடுத்து டேபிளாக மாற்றிவைத்தால் புதிய வரிகளுக்கும் ஃபார்முலா தானே இறங்கும், பிவோட்டின் எல்லையும் தானே நீளும். பவர் பிஐ-யில் இதே வேலையை சம்எக்ஸ்(ஆர்டர்கள், விலை × அளவு) என்ற மெஷர் (திரையில் தேர்வு மாறும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடும் ஃபார்முலா) செய்யும். சம்எக்ஸ் ஒவ்வொரு வரியாகப் பெருக்கிவிட்டுக் கூட்டுகிறது.

வகுத்தல் கதை இதற்கு நேர் எதிர்.

அறிகுறி: தள்ளுபடி விழுக்காடு கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகவில்லை

இரண்டு ஆர்டர்கள். ஒன்று வீட்டுக்கு வாங்கியது: 500 ரூபாய், தள்ளுபடி 50, அதாவது 10 விழுக்காடு. இன்னொன்று கல்யாண ஆர்டர்: 40,000 ரூபாய், தள்ளுபடி 8,000, அதாவது 20 விழுக்காடு. வரிக்கு வரி விழுக்காடு போட்டு அதன் சராசரியை எடுத்தால் 15 வரும். கடை உண்மையில் விட்டுக்கொடுத்தது 40,500-க்கு 8,050. அது 19.9 விழுக்காடு. ஐந்து விழுக்காட்டுக்குக் கிட்ட வித்தியாசம்; பலகாரத் தொழிலில் இலாபமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

விகிதம் எதுவானாலும் மேலே உள்ளதைத் தனியாகக் கூட்டு, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டு, கடைசியில் வகு. லுக்கர் ஸ்டூடியோவில் சம்(தள்ளுபடி) / சம்(தொகை). பவர் பிஐ-யில் டிவைட்(சம்(தள்ளுபடி), சம்(தொகை)). டிவைட் போட்டால் கீழே சுழியம் வரும் இடத்தில் பிழை காட்டாமல் வெற்றாக விட்டுவிடும். எக்செல் பிவோட்டின் கால்குலேட்டட் ஃபீல்ட் முதலில் கூட்டும் குணம் உள்ளது என்பதால், இந்த ஒரு வேலைக்கு அது மிகப் பொருத்தம். தள்ளுபடி / தொகை என்று நேராகக் கொடுங்கள்.

சராசரி ஆர்டர் மதிப்புக்கும் இதே விதி. அதில் மட்டும் கீழே வர வேண்டியது வரிகளின் எண்ணிக்கை இல்லை, ஆர்டர்களின் எண்ணிக்கை: சம்(வரித் தொகை) / கவுன்ட்_டிஸ்டிங்ட்(ஆர்டர் எண்). இதை மறந்து ‘ஆவரேஜ்’ போட்டால் ஆர்டர் 412-இன் மதிப்பு 533 ரூபாய் என்று காட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சராசரி நம்பும்படி இல்லையென்றால் கல்யாண ஆர்டர்களைத் தேடுங்கள். முகூர்த்த மாதத்தில் நாலைந்து சீர் பலகார ஆர்டர்கள் வந்தாலே மொத்தச் சராசரியும் தூக்கிக்கொண்டு போய்விடும். அவற்றை நீக்கச் சொல்லவில்லை, அதுவும் வியாபாரம்தான். ‘விசேஷ ஆர்டர்’ என்று ஆம்/இல்லை மாறி ஒன்றை உண்டாக்கிப் பிரித்துப் பாருங்கள். தொகையை மட்டும் வைத்துப் பிரிக்காமல், ஒரே பொருளின் அளவு, கொண்டுபோக வேண்டிய தேதி இரண்டையும் சேர்த்துப் பிரித்தால் பிசகாது. பக்கத்தில் மீடியனையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) போட்டு வையுங்கள்.

அறிகுறி: கூரியர் செலவு இரண்டு மடங்கு, மூன்று மடங்காகத் தெரிகிறது

மாதிரி ஆர்டரைப் பாருங்கள். ஏற்றுமதி செய்யும்போது ஆர்டர் மட்டத்துத் தொகை ஒவ்வொரு பொருள் வரியிலும் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. கூட்டினால் 120 என்பது 360 ஆகிவிடும். கூரியருக்கு மட்டுமல்ல, கூப்பன் தள்ளுபடி, முன்பணம், பெட்டிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் இது நடக்கும்.

எக்செல்லில் உதவி நெடுவரிசை ஒன்று போதும். முதல் வரியிலிருந்து இந்த வரி வரை இதே ஆர்டர் எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கவுன்ட்இஃப் கொண்டு எண்ணுங்கள். ஒன்று என்றால் கூரியர் தொகை, மற்றபடி சுழியம். எல்லை எழுதும்போது தொடக்க செல்லை டாலர் குறி போட்டுக் கட்டிவிட்டு, முடிவு செல்லை அவிழ்த்துவிட வேண்டும். இரண்டையும் கட்டிவிட்டால் எல்லா வரியிலும் ஒரே எண்ணிக்கை வந்து, பல வரி உள்ள ஆர்டர்களுக்கெல்லாம் கூரியர் சுழியமாகிவிடும். கூரியரைப் பொருள்வாரியாகப் பங்கிட வேண்டுமென்றால் முழு நெடுவரிசையில் எண்ணி, அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். எடைப்படி பங்கிட்டால் இன்னும் நியாயமாக இருக்கும். மாதிரி ஆர்டரில் தேன்குழலுக்கு 60, மற்ற இரண்டுக்கும் முப்பது முப்பது.

பவர் பிஐ-யில் சம்எக்ஸ்(வேல்யூஸ்(ஆர்டர் எண்), கால்குலேட்(மேக்ஸ்(கூரியர்))) என்று எழுதினால் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கூரியர் மட்டும் எடுத்துக் கூட்டும். லுக்கர் ஸ்டூடியோவில் கூட்டிய ஒன்றைத் திரும்பக் கூட்ட முயன்றால் மறுக்கும். அங்கே மல்லுக்கட்டாமல் மூல ஷீட்டில் திருத்திவிடுவதுதான் நல்லது.

அறிகுறி: ‘மெட்ரிக்கையும் டைமன்ஷனையும் கலக்க முடியாது’ என்ற செய்தி

லுக்கர் ஸ்டூடியோவில் அதிகம் பேரைத் தடுத்து நிறுத்துவது இதுதான். டைமன்ஷன் என்பது வரி மட்டத்து நெடுவரிசை, மெட்ரிக் என்பது கூட்டிய எண். ஒரே ஃபார்முலாவில் ஒன்று வரி மட்டத்திலும் மற்றொன்று கூட்டிய மட்டத்திலும் இருக்கிறது என்று பொருள். ‘தொகை / கவுன்ட்_டிஸ்டிங்ட்(ஆர்டர் எண்)’ என்று எழுதினால் தொகை வரி மட்டம், எண்ணிக்கை மொத்த மட்டம். தொகையைச் சுற்றி சம் போட்டால் தீர்ந்தது. ‘கேஸ் வென்’ (நிபந்தனைப்படி வகை பிரிக்கும் ஃபார்முலா) உள்ளே சம்(தொகை) > 5000 என்று கேட்டுவிட்டு, ‘தென்’ பக்கம் ஊர்ப் பெயர் நெடுவரிசையைக் கொடுத்தாலும் இதே செய்தி வரும்.

ஒருவர் ஆண்டு முழுவதும் 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினாரா என்று வகைப்படுத்த வேண்டுமானால், ஆள் மட்டத்துத் தொகை முதலில் ஒரு நெடுவரிசையாக இருந்தாக வேண்டும். மூல ஷீட்டில் சம்இஃப் போட்டு வாடிக்கையாளர் தொகையை எழுதி வைத்துவிட்டால், லுக்கர் ஸ்டூடியோ அதைச் சாதாரண வரித் தகவலாக எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஸ்லைசரை மாற்றினாலும் எண் அசையவே இல்லை

ஸ்லைசர் என்பது திரையில் தேர்ந்து வடிகட்டும் பட்டியல். பவர் பிஐ-யில் மெஷராக எழுத வேண்டியதை டேபிளின் புதிய நெடுவரிசையாக எழுதியிருக்கிறீர்கள். நெடுவரிசை, தரவு ரிஃப்ரெஷ் ஆகும்போது ஒரு முறை கணக்கிடப்பட்டு அப்படியே எழுதி வைக்கப்படும். திரையில் தேவகோட்டையைத் தேர்ந்தாலும் சிங்கப்பூரைத் தேர்ந்தாலும் அதற்குத் தெரியாது. மெஷர் அப்போதைக்கப்போது கணக்கிடப்படும். விகிதம், சராசரி, எண்ணிக்கை எல்லாம் மெஷராக இருக்கட்டும். ஸ்லைசரில் தேர்வுக்கு வைக்க வேண்டிய வகைகள், அதாவது வாடிக்கையாளர் வகை, ஊர்க் குழு, நிதியாண்டு, நெடுவரிசையாக இருக்கட்டும்.

இதே காரணத்தால் ‘கடைசியாக வாங்கி எத்தனை நாள்’ என்பதும் உறைந்து நிற்கும். நெடுவரிசைக்குள் டுடே() போட்டால் அது ரிஃப்ரெஷ் ஆன நாளையே ‘இன்று’ என்று வைத்துக்கொள்ளும். பவர் பிஐ இணையச் சேவையில் டுடே() உலகப் பொது நேரப்படி (யுடிசி) ஓடுகிறது; அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். விடியற்காலை 4 மணிக்கு ரிஃப்ரெஷ் வைத்தால் நேற்றைய தேதி கிடைக்கும். ரிஃப்ரெஷைக் காலை 6 மணிக்குத் தள்ளிவைத்தால் இந்த ஒரு நாள் பிசகு போய்விடும்.

அறிகுறி: மாதங்களைக் கூட்டினால் ஆண்டுக் கணக்கு வரவில்லை

ஆவணியில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை வாங்கிய ஆச்சி இரண்டு மாதக் கணக்கிலும் ஒருவராக எண்ணப்படுவார். ஆண்டுக் கணக்கிலும் ஒரே ஒருவர்தான். தனிப்பட்ட வாடிக்கையாளர் எண்ணிக்கையை மேலிருந்து கீழே கூட்டக் கூடாது. இதில் பிழை எதுவும் இல்லை, திருத்த வேண்டாம்.

அறிகுறி: ஒரே வாடிக்கையாளர் பல பேராகத் தெரிகிறார், அல்லது பல பேர் ஒருவராகிவிடுகிறார்கள்

வாடிக்கையாளரை அடையாளம் காண நம் கடைகளில் கைபேசி எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறோம். நல்ல வழக்கம்தான், ஆனால் அந்த நெடுவரிசை எண்ணாக இருக்கக் கூடாது, எழுத்தாக இருக்க வேண்டும். 91 சேர்ந்தால் 12 இலக்கம். எக்செல்லின் ஜெனரல் வடிவத்தில் 12 இலக்க எண் அறிவியல் குறியீட்டில் சுருங்கிக் காட்டும், அந்த நிலையில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமித்தால் சுருங்கிய வடிவமே கோப்பில் எழுதப்பட்டு, கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். அப்புறம் நூறு பேர் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுவார்கள். சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக எடுத்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்த பிறகே ஏற்றுங்கள்.

91, சுழியம், இடைவெளி, கூட்டல் குறி எல்லாம் கலந்து கிடப்பதால் பலரும் ‘வலப்பக்கம் பத்து இலக்கம்’ என்று வெட்டிக்கொள்கிறார்கள். உள்ளூருக்குச் சரி. செட்டிநாட்டுக் கடைகளுக்கு இது போதாது, ஏனென்றால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்து ஆர்டர் வருகிறது. சிங்கப்பூர் எண் 65-க்குப் பிறகு எட்டு இலக்கம், ஆக மொத்தம் பத்து. வெட்டினால் ஒன்றுமே குறையாமல், 6-இல் தொடங்கும் இந்தியக் கைபேசி எண் போல நிற்கும். இந்தியாவிலும் 6-இல் தொடங்கும் எண்கள் உண்டு. மலேசிய எண் 60-க்குப் பிறகு ஒன்பது அல்லது பத்து இலக்கம். வெட்டியபின் அது 0-விலோ 1-லோ தொடங்கும். ஆகவே வெட்டுவதற்கு முன்பு ‘நாடு’ என்ற மாறியை உண்டாக்குங்கள். கூட்டல் குறியோடு வந்த எண்ணில் நாட்டுக் குறியீட்டைப் படியுங்கள்; கூட்டல் குறி இல்லாவிட்டால் அனுப்பும் முகவரியின் நாட்டை எடுங்கள். நாட்டையும் எண்ணையும் ஒட்டி ஒரே அடையாளமாக வைத்துக்கொண்டால் மோதாது.

தொகை நெடுவரிசையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ரிங்கிட், சிங்கப்பூர் டாலர், ரூபாய் மூன்றும் ஒரே நெடுவரிசையில் கலந்திருந்தால் எந்தக் கூட்டலுக்கும் பொருளில்லை. ஆர்டர் நாளின் மாற்று விகிதத்தை வரியிலேயே எழுதி, ‘ரூபாய்த் தொகை’ என்று தனியாக உண்டாக்குங்கள். இன்றைய விகிதத்தால் பெருக்கினால் போன ஆண்டு விற்பனை தினமும் மாறிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: தேவகோட்டை இரண்டு முறை வருகிறது

சாதாரணக் காரணங்களை முதலில் பாருங்கள். கடைசியில் ஒட்டிய இடைவெளிக்கு ட்ரிம். ஆங்கிலத்தில் காரைக்குடியை ஒரு ‘கே’ போட்டும் இரண்டு ‘கே’ போட்டும் எழுதியிருந்தால், எந்த எழுத்து வடிவம் எந்த ஊர் என்று காட்டும் பொருத்தப் பட்டியல்தான் வழி.

இரண்டும் தமிழில், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தும் தனித்தனியாக நின்றால், காரணம் யூனிகோடுக்குள் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை) இருக்கிறது. ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது, பல மென்பொருள்களுக்கு இரண்டும் வேறு சொல். சோதிக்க எளிய வழி: எக்செல்லில் லென் போட்டுப் பாருங்கள். ‘தேவகோட்டை’க்கு 9 வந்தால் ஒற்றைக் குறியீடு, 10 வந்தால் பிரிந்த குறியீடு. கோட்டையூர், பொன்னமராவதி, கொத்தமங்கலம் என்று ஒ, ஓ குறி வரும் எல்லா ஊருக்கும் இந்த ஆபத்து உண்டு.

சப்ஸ்டிடியூட் கொண்டு யூனிகேர்(3015), யூனிகேர்(3006) இரண்டையும் ஒட்டி வரும் இடத்தில் யூனிகேர்(3019) வையுங்கள், ஓகாரம் சரியாகும். ஒகரத்துக்கு 3014, 3006 என்பதை 3018 ஆக்குங்கள். பைத்தானில் வேலை செய்பவர்கள் என்எஃப்சி இயல்பாக்கம் (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் முறை) ஒன்றைப் போட்டால் அத்தனையும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஊர்ப் பெயரை விட பின்கோடு உறுதியானது என்று அதற்கு மாறுவோரும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். ‘630-இல் தொடங்கினால் செட்டிநாடு’ என்று மாறி எழுதினால், 630561 ஆன சிவகங்கை நகரமும் உள்ளே வந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் இராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்கள் 622 வரிசையில் இருப்பதால் வெளியே போய்விடும். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. முதல் மூன்று இலக்கம் அதற்கு எல்லையாகாது. ஊர்ப் பட்டியல் ஒன்றை ஆறு இலக்கப் பின்கோடுகளோடு தனி ஷீட்டில் வைத்து, அதிலிருந்து தேடி எடுக்கச் செய்யுங்கள்.

அறிகுறி: சில வரிகளில் விடை வெற்றாக இருக்கிறது

தள்ளுபடி இல்லாத வரிகளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். ‘தொகை − தள்ளுபடி’ அங்கே என்ன ஆகும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். லுக்கர் ஸ்டூடியோவில் வெற்றோடு சேர்ந்த கணக்கு வெற்றாகவே முடியும். ஐஎஃப்நல்(தள்ளுபடி, 0) போட வேண்டும். பவர் பிஐ கூட்டல் கழித்தலில் வெற்றைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும், பெருக்கலில் விடையையே வெற்றாக்கிவிடும். எக்செல் காலிக் கட்டத்தைச் சுழியமாக எண்ணும். ஆனால் அந்தக் கட்டத்தில் வேறொரு ஃபார்முலா விட்டுச்சென்ற வெற்று எழுத்து இருந்தால் மதிப்புப் பிழை காட்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் கூட்டல் குறி போட்டால் ஒன்று விடுபட்டாலும் விடை புள்ளியாக நிற்கும். சம்( ) ஃபங்ஷன் போட்டால் இருப்பதை மட்டும் கூட்டும்.

எல்லாவற்றையும் இஃப்எரர் போட்டுச் சுழியமாக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எழுத்தாக நிற்கும் தொகை, உடைந்த தேதி என்று உண்மையான கோளாறுகளும் அதன் கீழ் மறைந்துவிடும்.

வெற்று எப்போதும் சுழியமும் இல்லை. விடுதி விருந்தினரிடம் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறீர்கள். அவர் எதுவும் எழுதாமல் போனால் அது 0 ஆகாது. ‘நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா’ கேள்வியில் 9, 10 தருவோரின் விழுக்காட்டிலிருந்து 0 முதல் 6 வரை தருவோரின் விழுக்காட்டைக் கழிக்கிறோம். விடை தராதவரைச் சுழியமாக்கினால் அவரைக் குறை சொன்னவர் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். மறுபக்கம், ‘பதில் இல்லை’ என்பதற்கு 99 என்று பதிவு செய்துவிட்டு, எஸ்பிஎஸ்எஸ்ஸின் வேரியபிள் வியூவில் ‘மிஸ்ஸிங்’ கட்டத்தில் 99-ஐச் சொல்லாமல் விட்டால், பத்துக்குள் இருக்க வேண்டிய சராசரி 14, 15 என்று வரும். பல கேள்விகளின் சராசரிக்கு மீன்.3(கேள்வி1, கேள்வி2, கேள்வி3, கேள்வி4) என்று எழுதினால், மூன்றுக்காவது விடை தந்தவர்களுக்கு மட்டும் சராசரி போடும்.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் சின்டாக்ஸ் (கட்டளை வரிகள்) ஓட்டிய பிறகு நெடுவரிசை முழுக்கவே காலி, கீழ்ப் பட்டையில் ‘டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ் பெண்டிங்’ என்று இருந்தால் எதுவும் கெடவில்லை. எக்ஸிக்யூட் வரியைச் சேர்த்து ஓட்டுங்கள்.

அறிகுறி: தேதிக் கணக்கு உதைக்கிறது

எக்செல்லில் 03/04/2025 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் மார்ச் 4. அதே ஷீட்டில் 15/04/2025 தேதியாகவே ஏற்கப்படாமல் எழுத்தாக நிற்கும். நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. வலப்பக்கம் ஒட்டியவை சரி என்று நினைத்துவிடாதீர்கள். அவைதான் நாளும் மாதமும் இடம் மாறியவை. கோப்பைத் திரும்ப ஏற்றி, நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையைச் சொல்லிப் படிக்கச் செய்வதே பாதுகாப்பு.

இணையக் கடை ஆர்டர்களில் தேதி ஒரு நாள் பின்னால் இருந்தால், நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 5:30-க்கு முன் வரும் ஆர்டர் முந்தைய நாளில் விழும். உள்ளூரில் அந்நேரம் யார் ஆர்டர் போடுகிறார்கள் என்று விட்டுவிட முடியாது. சிங்கப்பூரில் காலை 7 மணி நமக்கு 4:30. கோடைக்காலத்தில் நியூஜெர்சியில் மாலை 6 மணி நமக்கு மறுநாள் விடியல் 3:30. ஏப்ரல் 1 விடியலில் வந்த ஆர்டர் மார்ச் 31-க்குப் போனால் நிதியாண்டே மாறிவிடும். எக்செல்லில் 5.5/24 கூட்டுங்கள், லுக்கர் ஸ்டூடியோவில் டேட்டைம்_ஆட் கொண்டு 330 நிமிடம் கூட்டுங்கள். கூட்டிய பிறகுதான் நிதியாண்டு மாறியை எழுத வேண்டும்: மாதம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் அதே ஆண்டு, மற்றபடி ஆண்டிலிருந்து ஒன்றைக் கழி.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் இரண்டு தேதிகளைக் கழித்தால் லட்சக்கணக்கில் விடை வரும், ஏனென்றால் அது நொடிகளில் எண்ணுகிறது. 86,400-ஆல் வகுத்தால் நாள். பவர் பிஐ-யின் டேட்டிஃப் எல்லைகளை எண்ணும்: டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் இடையில் ஆண்டுக் கணக்கில் கேட்டால் 1 என்று சொல்லும். வாடிக்கையாளர் எத்தனை ஆண்டாக வாங்குகிறார் என்பதை நாளில் எடுத்து 365.25-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பலகாரக் கடைக்கு முக்கியமான இன்னொன்று: ‘போன ஆண்டு அக்டோபரோடு ஒப்பிட்டால்’ என்ற மாறி நம்மை ஏமாற்றும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பண்டிகை நகரும்போது விற்பனையும் மாதம் தாண்டி நகரும். ஆண்டுவாரியாகத் தீபாவளித் தேதிகளைச் சிறு பட்டியலாக வைத்து, ‘தீபாவளிக்கு எத்தனை நாள் முன்’ என்ற மாறியை உண்டாக்கி, முந்தைய 30 நாளை முந்தைய 30 நாளோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: எல்லோரும் ஒரே வகையில் விழுகிறார்கள்

‘கேஸ் வென்’ மேலிருந்து படித்து முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். ‘1,000-க்கு மேல்: வழக்கமானவர்’ என்பது முதலிலும், ‘10,000-க்கு மேல்: பெரிய வாடிக்கை’ என்பது அடுத்தும் இருந்தால், இரண்டாவதை யாரும் எட்டவே மாட்டார்கள். பெரிய எல்லையை மேலே வையுங்கள். 0–999, 1000–4999 என்று முழு எண்களில் எல்லை கட்டினால் 999.50 ரூபாய் எந்த வகையிலும் சேராமல் வெற்றாகும். ‘1000-க்குக் கீழ்’ என்று எழுதினால் இடைவெளி இராது.

அறிகுறி: வரி (டாக்ஸ்) நீக்கிய தொகை கொஞ்சம் குறைகிறது

5 விழுக்காடு வரி சேர்த்து 1,050 ரூபாய் என்றால் வரி நீக்கிய தொகை 1,000. பலர் 0.95-ஆல் பெருக்கி 997.50 என்று வைத்துக்கொள்கிறார்கள். 1.05-ஆல் வகுக்க வேண்டும். பொருளுக்குப் பொருள் விகிதம் வேறுபட்டால் விகிதத்தைப் பொருள் பட்டியலில் வைத்துத் தேடி எடுங்கள், ஃபார்முலாவுக்குள் எண்ணாக எழுதாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல் விற்பவர்களுக்கு இதே போன்ற சிக்கல் அலகில் வரும். சில பில் சதுர அடியில், சில பில் எண்ணிக்கையில். 10 அங்குலக் கல் சதுர அடிக்கு 1.44, 8 அங்குலக் கல் 2.25. கல்லின் அளவைத் தனி நெடுவரிசையாக வைத்து, எல்லாவற்றையும் சதுர அடியாக்கிய பிறகே சராசரி விலை போடுங்கள்.

அறிகுறி: மாறி சேர்க்கும் மெனுவே மங்கி இருக்கிறது

எக்செல்லில் பிவோட் உருவாக்கும்போது ‘டேட்டா மாடலில் சேர்’ என்பதைக் குறியிட்டிருந்தால் கால்குலேட்டட் ஃபீல்ட் கிடைக்காது. அதில் மெஷர்தான் எழுத வேண்டும். அல்லது குறியை எடுத்துவிட்டுப் பிவோட்டைப் புதிதாகப் போடுங்கள். லுக்கர் ஸ்டூடியோவில் டேட்டா சோர்ஸ் வேறொருவர் கணக்கில் இருந்து, உங்களுக்குத் திருத்தும் உரிமை இல்லாவிட்டால் அங்கே ஃபீல்ட் சேர்க்க முடியாது. அவர் ரிப்போர்ட்டில் ஃபீல்ட் திருத்த அனுமதித்திருந்தால் சார்ட்டுக்குள் மட்டும் சேர்க்கலாம். அந்த மாறி அந்த ஒரு சார்ட்டோடு நின்றுவிடும், வேறு பக்கத்துக்கு வராது. ஷீட்டில் புதிய நெடுவரிசை சேர்த்தும் பட்டியலில் தெரியவில்லையென்றால் டேட்டா சோர்ஸைத் திறந்து ‘ரிஃப்ரெஷ் ஃபீல்ட்ஸ்’ கொடுங்கள். கூகுள் ஷீட்டில் மாற்றிய எண்கள் திரைக்கு வர இயல்பு அமைப்பில் 15 நிமிடம் வரை ஆகலாம் என்பதால், அதற்குள் ஃபார்முலாவைப் பிரித்துப் போட வேண்டாம். ஷீட்டின் தலைப்பு வரியில் ஒரு பெயரைத் திருத்தினாலும் அதை நம்பியிருக்கும் மாறிகள் எல்லாம் அறுந்துவிடும். தலைப்பு வரியைப் பூட்டி வைத்து, காட்ட வேண்டிய பெயரை லுக்கர் ஸ்டூடியோவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.